வயல் சேற்றில் தானே இயங்கும் சென்சார்: கேள்வி பதில்

திருவாரூர் மாணவி: சார், பேட்டரி இல்லாமல் சென்சார் எப்படி இயங்கும்?

அது தரும் மின்னோட்டமேதான் அளவீடு. 2001-இல் வேதியியலாளர்கள் யூஜீன் காட்ஸ், இட்டாமர் வில்னர் குழுவினர் குளுக்கோஸையே எரிபொருளாக்கி இதைச் செய்து காட்டினார்கள். டெல்டாவில் எரிபொருள் சேற்றிலேயே கிடக்கிறது. நீர் நிற்கும் வயலில் மண்ணுக்குள் ஆக்சிஜன் தீர்ந்ததும், பாக்டீரியாக்கள் மட்கைத் தின்று எலக்ட்ரானைச் சேற்றில் புதைத்த மின்முனையான ஆனோடில் விடும். மேல்நீரில் இன்னொரு மின்முனையான கேத்தோடில் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்ளும். வயல் காய்ந்து மண்ணில் காற்று ஏறினால் மின்னோட்டம் விழும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுபவருக்கு அதுவே தகவல்.

மன்னார்குடி: மின்முனையில் கிராஃபீன், அதாவது ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாள், பூசுவது எப்படி சார்?

மின்முனையாகும் கார்பன் ஃபெல்ட்டை (கார்பன் இழைத் துணியை) முதலில் எத்தனாலில் ஊறவைத்துக் கழுவுங்கள். இல்லையேல் தண்ணீரே உள்ளே இறங்காது. கிராஃபீன் ஆக்சைடை மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் நீரில் கலக்கி, ஃபெல்ட்டை முக்கி, 60 டிகிரியில் உலர்த்துங்கள். பிறகு அஸ்கார்பிக் அமிலக் (வைட்டமின் சி) கரைசலில் 90 டிகிரியில் சூடாக்கினால் ஆக்சிஜன் நீங்கிக் கறுத்துவிடும். ஒற்றைத் தாள் கிராஃபீனுக்குக் கணக்குப்படி கிராமுக்கு 2,630 சதுர மீட்டர் பரப்பு உண்டு. தடியாகப் பூசினால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அந்தப் பரப்பு வீணாகும். மெல்லிய பூச்சே போதும்.

ஆனோடை 5 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். கேத்தோடைத் தெர்மோகோலில் மிதக்கவிட்டால் நீர் இறங்கினாலும் சேற்றில் படிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே 1,000 ஓம் மின்தடை. பாக்டீரியா படலம் வளரும்வரை முதல் வாரங்களின் அளவை நம்பாதீர்கள்.

மயிலாடுதுறை: இணைப்புக்குச் செம்புக் கம்பி போதுமா?

கூடாது. சேற்றில் செம்பு தானே அரித்துப் பொய் மின்னழுத்தம் தரும். துத்தநாகம் பூசிய ஆணி அதைவிட மோசம். டைட்டானியம் கம்பி போடுங்கள், இணைப்பை எபாக்சியால் மூடுங்கள்.

வேதாரண்யம்: ஐயா, எங்கள் பக்கம் உப்பு ஏறினால் அளவு தப்புமா?

தப்பும். உப்பு, நீரின் மின்கடத்தலைக் கூட்டும். பாக்டீரியா மாறாமலே மின்னோட்டம் ஏறும். அதனால் உள் மின்தடையைத் தனியாகக் கணக்கிடுங்கள்: சுற்றைத் திறந்தால் 0.6 வோல்ட், 1,000 ஓமில் 0.2 வோல்ட் என்றால், உள்ளே 2,000 ஓம். இந்த உள் மின்தடை சட்டென்று இறங்கினால் அதே நேரம் மின்கடத்தலை அளக்கும் இ.சி. மீட்டரிலும் பாருங்கள், அதில் அளவு ஏறியிருந்தால் உப்பு வந்துவிட்டது.

தஞ்சாவூர்: கிராஃபீனைவிட எம்எக்சீன் என்ற மெல்லிய உலோக கார்பைடுத் தாள் இன்னும் சிறந்தது என்கிறார்களே?

ஆய்வகத்தில் சரி. வயலுக்கு நான் சொல்லமாட்டேன்: டைட்டானியம் கார்பைடு எம்எக்சீன் காற்றுபட்ட நீரில் மெல்ல டைட்டானியம் டை ஆக்சைடாகிவிடும். லித்தியம் ஃபுளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துத் தயாரிப்பதாக இருந்தாலும் உள்ளே உருவாவது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்தான். அது கண்ணாடியை அரிக்கும்; கண்ணாடிப் பாத்திரம் ஆகாது, டெஃப்லான் வேண்டும். அந்த அமிலம் தோலில் பட்டால் முதலுதவியாகப் பூசும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.