மார்கழிக் குழாய் ஒலிபெருக்கியைப் பற்றிப் புகார் செய்தால் மத உரிமையில் தலையிடுவதா?

விடியற்காலை நாலரைக்குக் கோயில் குழாய் அலறுகிறது, வீட்டில் கைக்குழந்தை. புகார் கொடுத்தால் மதச் சுதந்திரத்தில் கைவைத்ததாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது.

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், அடிப்படை உரிமைகள் பற்றிய மற்றப் பிரிவுகள் ஆகியவற்றுக்கு உட்பட்டே வழிபாட்டு உரிமையைத் தருகிறது. மனத்துக்குள் இருக்கும் நம்பிக்கையை யாரும் தொட முடியாது. அது அடுத்தவர் காதுக்குள் நுழையும்போதுதான் பேச்சே எழுகிறது. சென்னைத் தேவாலயம் ஒன்றின் வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றது. அதே ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு மாநில அரசு ஆண்டில் 15 நாள் வரை தளர்த்தலாம். அதுவும் நள்ளிரவு 12 வரைதான். கோயில், தர்கா, தேவாலயம் எதுவானாலும் விதி ஒன்றே.

கும்பகோணம் பக்கம் எங்கள் கிராமத்தில் காவல் நிலையம் வரை போகவில்லை. வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாயைக் கழற்றிவிட்டு, மண்டபத்துக்குள் சின்ன ஒலிப்பெட்டி வைத்தார்கள். திருப்பாவை இப்போது குளத்தங்கரையோடு நின்றுவிடுகிறது. குருக்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

ஒன்று மட்டும்: ஜால்ரா தட்டித் தெருவில் பாடிப்போகும் பஜனைக் கோஷ்டியையும் நிறுத்தச் சொன்னால், நான் உங்கள் பக்கம் இல்லை.