‘பாட்டம்’ என முடியும் ஆங்கிலக் குடும்பப்பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி: முன்னாள் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ரயன் சைட்பாட்டமின் முன்னோர் இப்படியொரு பெயரைக் கூச்சமின்றி ஏற்றது எப்படி?

பதில்: கூச்சத்திற்கு அன்று இடமே இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘பாட்டம்’ என்னும் சொல் பள்ளத்தாக்கின் அடிநிலத்தைக் குறித்தது; உடலின் பின்புறம் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் எழுத்தில் தென்படுகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, லங்காஷயர், செஷயர், மேற்கு யார்க்‌ஷயர் மலைச்சரிவுகளில் வாழ்ந்தவர்கள் தாம் குடியிருந்த நிலத்தின் பெயரையே குடும்பப்பெயராக்கிக்கொண்டனர். ‘சைட்’ என்பதும் இங்கே பக்கம் அன்று. ‘அகன்ற’ எனப் பொருள்படும் பழஞ்சொல். இன்றைய அகராதியை வைத்துப் பழம்பெயருக்குப் பொருள் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஷஃபிள்பாட்டம் என்றால் காலை இழுத்து நடப்பவரா?

பதில்: மீண்டும் இன்றைய அகராதி! பழைய லங்காஷயரில் பெரி நகரை ஒட்டிய ஓர் இடத்தின் பெயர் அது. ஆடுகள் நீரருந்தும் ஊற்றுள்ள பள்ளத்தாக்கு என்பது பொருள்.

கேள்வி: அப்படியானால் அதே பெரிக்கு அருகிலுள்ள ராம்ஸ்பாட்டம் ஊரின் பெயர் ஆட்டுக்கிடாப் பள்ளத்தாக்குதானே?

பதில்: இருக்கலாம், காட்டுப்பூண்டுப் பள்ளத்தாக்காகவும் இருக்கலாம்.

கேள்வி (அவரே): பெயரிலேயே கிடா தெரியும்போது பூண்டு எங்கிருந்து வந்தது ஐயா?

பதில்: ஆங்கிலத்தில் கிடாவுக்கு ‘ராம்’, காட்டுப்பூண்டுக்கு ‘ஹ்ரம்சா’ என்பன பழஞ்சொற்கள். பின்னதன் முதல் ஹகர ஒலி இடைக்காலத்தில் தேய்ந்துவிட்டதால், 1324ஆம் ஆண்டு ஆவணத்தில் ‘ரோம்ஸ்போதும்’ என்றுள்ள வடிவம் இரண்டுக்கும் பொருந்துகிறது. ஈரமும் நிழலும் நிறைந்த பள்ளத்தாக்குகளில் அப்பூண்டு செழித்து வளரும் என்பதால் என் மனம் பூண்டின் பக்கம் சாய்கிறது.

கேள்வி (இன்னொருவர்): அருகிலேயே ஆட்டு ஊற்று இருந்ததே, அது கிடாவுக்குச் சான்றில்லையா?

பதில்: நல்ல வாதம். ஆனால் ஆடு மேய்ந்த நாடு என்பதற்குத்தான் அது சான்று. இந்தப் பெயருக்கு அன்று. 1324க்கு முந்தைய எழுத்துவடிவம் ஒன்று, அந்த ஹகரத்தோடு, கிடைத்தால் வழக்கு முடிந்துவிடும்.

கேள்வி: கிரிக்கெட் வீரர் இயன் போத்தம் பெயரின் ஈறு, பர்மிங்ஹாமில் உள்ளதைப் போல ஊரைக் குறிக்கும் ‘ஹாம்’தானே?

பதில்: இல்லை. அதே பள்ளத்தாக்குச் சொல்லின் வட்டார உச்சரிப்பு.

கேள்வி: விண்டர்பாட்டம் குடும்பச் சின்னம் விற்பனைக்கு வந்துள்ளது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இங்கிலாந்தில் மரபுச்சின்னம் தனி மனிதருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் உரியது, குடும்பப்பெயருக்கு உரியதன்று. அதை வழங்கும் அமைப்பு 1484 முதல் லண்டனில் உள்ளது.

கேள்வி: லாங்பாட்டம் குடும்பத்தின் சின்னம் எது?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஐரிஷ் பெயர்கள்?

பதில்: அது என் துறையன்று, ஐரிஷ் மொழி அறிந்தவரிடம் கேளுங்கள்.