நடக்காததை எப்படி எண்ணுவது?

கேள்வி: நோய்த் தடுப்பு பற்றி இப்போது என்னதான் ஆராய்கிறார்கள்? உப்பைக் குறை, நட, தடுப்பூசி போடு என்று ஐம்பது வருடமாக ஒரே அறிவுரைதானே வருகிறது?

நியாயமான கேள்வி. அறிவுரை பெரிதாக மாறவில்லை, உண்மைதான். அந்த அறிவுரை நிஜமாகவே வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்கிற விதம்தான் ரொம்ப மாறியிருக்கிறது. எனக்கு அதில்தான் சுவாரசியம்.

நான் மருத்துவர் இல்லை. புள்ளியியல் படித்துவிட்டுச் சில வருடங்கள் சுகாதார ஆய்வுகளுக்குக் கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்தேன். வேலையை விட்ட பிறகும் அந்தக் கட்டுரைகளைப் படிக்கிற பழக்கம் போகவில்லை.

என் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் லேசாக அதிகம், பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நாள் திடீரென்று கேட்டார்: “இத்தனை வருஷமா முழுங்கறேன், எனக்கு ஒண்ணுமே ஆகலை. மாத்திரை இல்லாட்டியும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னா?” எனக்கு வாயடைத்துவிட்டது, ஏனென்றால் அவர் சொன்னது பெரும்பாலும் சரி. பிரிட்டனில் 17,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 1985-இல் வெளியான பெரிய ஆய்வின் கணக்குப்படி, லேசான ரத்த அழுத்தம் உள்ள 850 பேருக்கு ஓராண்டு மருந்து கொடுத்தால் தடுக்கப்படுவது ஏறக்குறைய ஒரே ஒரு பக்கவாதம். (அழுத்தம் அதிகமாக இருப்பவர்களுக்குப் பலனும் அதிகம், இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.) அந்த ஒருவர் யார் என்று மருத்துவருக்கும் தெரியாது, பிழைத்த ஆளுக்கும் தெரியாது. ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் நோய்ப்பரவலியல் அறிஞர் இதைத்தான் தடுப்பின் முரண் என்றார்: ஊருக்கே பெரிய நன்மை தருவது தனி ஆளுக்குத் தருவது கொஞ்சம்தான்.

சரி, அப்படியானால் வராத பக்கவாதத்தை எப்படி எண்ணுவது? மாத்திரை சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டால் போதும் என்று தோன்றும். அங்கேதான் சறுக்கும். தானாகப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்கிற ஆள் ஏற்கெனவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவராக இருப்பார், நடப்பார், புகைக்க மாட்டார், வருடா வருடம் பரிசோதனைக்குப் போவார். அவர் நன்றாக இருந்தால் அதற்கு ஊசிதான் காரணமா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடும்.

இதற்கு வேல்ஸில் ஒரு அழகான வழி கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த சமீபத்திய ஆய்வு இதுதான். 2013 செப்டம்பர் 1-இல் அங்கே முதியவர்களுக்கான அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டும்தான் ஊசி. அதற்கு முன் பிறந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள் என்று கணக்கு, அவர்களுக்கு எப்போதுமே கிடையாது. யோசித்துப் பாருங்கள், அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் பிறந்தவர்களுக்கும் ஒரு வாரம் பின்னால் பிறந்தவர்களுக்கும் வாழ்க்கையில் என்ன வித்தியாசம் இருக்கப்போகிறது? ஒன்றுமில்லை, ஊசியைத் தவிர. ஒரு பக்கம் கிட்டத்தட்ட யாருமே போடவில்லை, மறுபக்கம் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒரு அதிகாரி கிழித்த கோடு, யாரும் திட்டமிடாமலே சீட்டுக் குலுக்கிப் பிரித்த மாதிரி ஆகிவிட்டது. ஏழு வருடம் கழித்துப் பதிவேடுகளைப் பார்த்தால், ஊசி போட்டவர்களில் டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2025-இல் இது வெளியானது. ஆண்களைவிடப் பெண்களிடம் விளைவு தெளிவாகத் தெரிந்தது. அக்கி வைரஸ் நரம்புகளில் ஒளிந்திருக்கும் வைரஸ் என்பதால் சில ஊகங்கள் உண்டு, ஆனால் இது எப்படி நடக்கிறது என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

எல்லாவற்றுக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது, பல சமயம் நாமேதான் சீட்டுக் குலுக்க வேண்டும். நீங்கள் கிண்டல் செய்த உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்கள் அல்லது அறுபது வயதைத் தாண்டி ரத்த அழுத்தம் உள்ளவர்கள் என்று சுமார் 21,000 பேர். பாதி கிராமங்களுக்குச் சாதாரண உப்பு, மீதிக்கு அதில் கால் பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. அதைச் சிக்கனமாகப் போடுங்கள் என்றும் சொன்னார்கள், ஆனால் முக்கியமாகச் செய்தது டப்பாவில் இருப்பதை மாற்றியதுதான். சுமார் ஐந்து வருடத்தில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, இறப்பும் 12 சதவீதம் குறைந்தது. ஐம்பது வருட அறிவுரையைவிட ஒரு டப்பா அதிகம் சாதித்தது என்று நான் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்வதுண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கூடுதல் பொட்டாசியம் ஆபத்து, அதனால் கேட்காமல் வாங்கிவிட வேண்டாம்.

அப்புறம் எச்.ஐ.வி. 2024-இல் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் லெனகாபவிர் என்ற ஊசியைச் சோதித்தார்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. ஆனால் எதோடு ஒப்பிட்டுப் பூஜ்யம்? தடுக்க மாத்திரை இருக்கும்போது மருந்தே இல்லாத வெற்று ஊசி கொடுத்து வேடிக்கை பார்ப்பது அக்கிரமம். அதனால் ஆய்வில் சேர வந்தவர்களைப் பரிசோதித்தபோதே, யாருக்குச் சமீபத்தில் தொற்றியிருக்கிறது என்று ரத்தத்தில் பார்த்து, எதுவும் செய்யாமல் விட்டால் வருடத்துக்கு 100 பேரில் சுமார் 2.4 பேருக்கு வரும் என்று கணித்தார்கள். தினசரி மாத்திரை பெற்ற இரண்டு குழுக்களிலும் சேர்த்து 55 பேருக்குத் தொற்று வந்தது. மாத்திரையில் குறையில்லை, அதைத் தினமும் விழுங்கியவர்கள் குறைவு. அந்த டப்பா வீட்டில் யார் கண்ணிலாவது பட்டால் வரும் பேச்சை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

தோற்ற ஆய்வுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் தீராத ஆதங்கம். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் வீடுகளுக்குக் கழிப்பறை, கைகழுவ வசதி, தண்ணீரைச் சுத்திகரிக்கக் குளோரின் கொடுத்து, குழந்தைகளின் வளர்ச்சி மேம்படுகிறதா என்று பெரிய அளவில் பார்த்தார்கள். 2018, 2019-இல் முடிவுகள் வந்தன: உயரத்தில் மாற்றமில்லை. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது, மற்ற இரண்டில் அதுவும் இல்லை. இதைப் படித்துவிட்டுக் கழிப்பறை வீண் என்று எழுதியவர்களும் உண்டு, எனக்கு அது சரியாகப் படவில்லை. கிருமி அத்தனை பக்கத்திலிருந்தும் வருகிற சூழலில் வீட்டுக்கு ஒரு மலிவான ஏற்பாடு போதாது, குழாய்த் தண்ணீர் மாதிரி பெரிய செலவுதான் வேண்டும் என்ற வாதம் இப்போது வலுத்திருக்கிறது. நான் வேலை பார்த்த ஓர் ஆய்விலும் ‘வித்தியாசமில்லை’ என்றுதான் முடிவு வந்தது. அன்று அலுவலகம் துக்க வீடு மாதிரி இருந்தது, மூன்று வருட உழைப்பு போயிற்றே என்று. அந்த முடிவால் எவ்வளவு பணம் வேறு உருப்படியான வேலைக்குப் போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் எண்ண முடியாததுதான்.

தட்டம்மை இதற்கு நேர் எதிர்ச் சிக்கல். தடுப்பூசி அத்தனை நன்றாக வேலை செய்ததால் நோயையே மறந்துவிட்டார்கள். நூற்றுக்கு 95 பேருக்குப் பாதுகாப்பு இருந்தால்தான் பரவல் நிற்கும், அந்த அளவுக்கு வேகமாகத் தொற்றும். ஒழித்துவிட்டதாக 1998-இல் பெயர் வாங்கிய கனடா 2025 நவம்பரில் அந்தப் பெயரை இழந்தது. இங்கே கண்டுபிடிக்க வேண்டிய மருந்து ஒன்றுமில்லை, இருப்பதை எப்படிப் போட வைப்பது என்பதுதான் இப்போது ஆராய்ச்சி.

அப்பாவிடம் இதையெல்லாம் ஒரு மாலை முழுக்க விளக்கினேன், 850 கணக்கு உட்பட. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அந்த ஒருத்தன் நான்தானான்னு உனக்கும் தெரியாது” என்றார். தெரியாது என்றேன். “இத நேரடியா சொல்லியிருக்கலாம்” என்றபடி எழுந்து போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.