வேலியோரத்து ‘அலெக்சாண்டர்ஸ்’ செடியைச் சமைக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் கென்ட் கடற்கரைப் பக்கம் சிறு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடுகிறோம். வேலியோரம் பார்ஸ்லி மாதிரி ஒரு செடி, பிப்ரவரிக் குளிரிலேயே தளதளவென்று நிற்கிறது. கிள்ளினால் செலரி வாசம். இது ‘அலெக்சாண்டர்ஸ்’, சாப்பிடலாம் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். நம்பலாமா?

பதில்: அந்தச் செடியேதான் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். மத்தியதரைக்கடல் ஓரத்துச் செடி அது. ரோமானியர்கள்தான் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். செலரி வந்து இடம் பிடிக்கும்வரை தோட்டத்தில் வைத்து வளர்த்த கீரை.

ஆனால் வாசத்தை மட்டும் நம்பாதீர்கள். கொத்தமல்லி, சீரகம், ஓமம், வல்லாரை எல்லாம் இதே குடும்பம்தான். ஆளைக் கொல்லும் ஹெம்லாக்கும் இதே குடும்பம். நான் அதிகம் பயப்படுவது ஓடை, வாய்க்கால் ஓரம் வளரும் இன்னொரு விஷச்செடியான ஹெம்லாக் வாட்டர் டிராப்வொர்ட்டுக்கு. அதுவும் குளிர்காலத்திலேயே துளிர்க்கும், இலையும் செலரி போலவே இருக்கும், முகர்ந்தால் வாசமும் நன்றாகத்தான் இருக்கும். வேரில் வெள்ளை விரல்களைச் சேர்த்துக் கட்டியதுபோல் கிழங்குக் கொத்து. ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதிக்கு விடுமுறைக்குப் போன சிலர் அந்தக் கிழங்கைப் பிடுங்கிக் கறி வைத்துச் சாப்பிட்டு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மசாலா போட்டுக் கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்று நினைக்காதீர்கள்.

சரி, எப்படி உறுதி செய்வது? அலெக்சாண்டர்ஸ் இலை மூன்று மூன்றாகப் பிரியும், அகலமாக, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். பூ மஞ்சள் கலந்த பச்சை. விஷச்செடி இரண்டுக்கும் பூ வெள்ளை. ஹெம்லாக் தண்டில் ஊதாப் புள்ளிகளும் இருக்கும். அலெக்சாண்டர்ஸ் விதை மிளகு அளவில், கறுப்பாக, வரிவரியாக இருக்கும். போன வருடத்துக் காய்ந்த தண்டு அருகில் நின்றால் விதையைப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். என் யோசனை, இந்த ஒரு வருடம் பறிக்காமல் விடுங்கள். ஏப்ரலுக்கு மேல் பூவையும் அப்புறம் விதையையும் அதே செடியில் கண்ணால் பார்த்துவிட்டு, அடுத்த பருவத்தில் கை வையுங்கள். அதற்குள் அவசரம் வேண்டாம்.

சமையலுக்கு ஏற்றது, பூப்பதற்கு முன் பறிக்கும் பருத்த இளந்தண்டு. நாரை உரித்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, உப்புத் தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் வேகவைத்து வடித்துவிடுங்கள். கசப்பு நன்றாகக் குறையும். அந்த ஊரில் வெண்ணெய் போட்டுச் சாப்பிடுவார்கள். கடுகு, வரமிளகாய் தாளித்துத் தேங்காய் தூவினால் நமக்குப் பொரியல். இளம் இலையைக் கொஞ்சமாகப் பருப்பில் போடலாம், நிறையப் போட்டால் வாசம் தூக்கும். பழுத்துக் கறுத்த விதையை இடித்து மிளகுத்தூள் போலத் தூவலாம். முதல் தடவை எதையும் கொஞ்சமாகவே சாப்பிட்டுப் பாருங்கள்.

இலையிலோ தண்டிலோ மஞ்சளாக வீங்கிய தடிப்பு தெரிந்தால் அது துரு நோய், அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். வேரும் உண்ணக்கூடியதுதான். ஆனால் அங்கே காட்டுச்செடியை வேரோடு பிடுங்க நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். குத்தகை நிலம் என்பதால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.