கருங்கரடியின் அளவை எப்படிக் கணிப்பது? கேள்வி பதில்

வட ஒன்ராறியோக் காட்டில் 19 வருடமாகக் கருங்கரடி வேட்டைக்குப் போய் வருகிறேன். கேள்விகளை அனுப்பச் சொன்னேன், வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் "எத்தனை இறாத்தல் (பவுண்ட்)" என்பதுதான். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கே (ஸ்கார்பரோ): அண்ணை, இந்த மே மாதம்தான் முதல் தடவை போகிறேன். தனியாக வரும் கரடி பெரிதா சிறிதா என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒன்றுமே இருக்காதே.

ப: நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மான் என்றால் கொம்பின் கிளையை எண்ணிவிடலாம். கரடியில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. கறுத்த மயிர், அந்தி வெளிச்சம், உங்கள் நெஞ்சுப் படபடப்பு மூன்றும் சேர்ந்தால் ஒன்றரை வயதுக் கரடியும் எருமை மாதிரித் தெரியும்.

முதலில் காதைப் பாருங்கள். காது சின்ன வயதிலேயே வளர்ந்து முடிந்துவிடும். தலை வருடக்கணக்கில் அகன்றுகொண்டே போகும். அதனால் இளசுக்குக் காது பெரிதாக, உச்சந்தலையில் நெருக்கமாக, மிக்கி மவுஸ் போல நிற்கும். கிழட்டு ஆணுக்குக் காது இரண்டும் பக்கவாட்டுக்குப் போய், யாரோ பிறகு ஒட்டிவைத்தது போலச் சின்னதாக இருக்கும். நெற்றி நடுவே ஒரு பள்ளக் கோடும் தெரிந்தால் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கால். இளசு நெடுங்கால் பேர்வழி. வயிற்றுக்குக் கீழே அந்தப் பக்கத்துப் புல் நன்றாகத் தெரியும். பெரியதுக்கு வயிறு தாழ்ந்து, கால் குட்டையாகத் தெரியும். முன்னங்கால் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன், மணிக்கட்டு என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது.

பிறகு நடை. இளசு பத்து அடி வைக்கும், நிற்கும், திரும்பிப் பார்க்கும். தன்னைவிடப் பெரிய கரடிக்குப் பயம். பெரிய ஆண் ஆடி அசைந்து, வீட்டுக்காரர் முற்றத்துக்கு வருவது போல வரும்.

கரடியை வரவழைக்க இரை வைத்த பரல் (பீப்பாய்) இருந்தால் வேலை இன்னும் சுலபம். 200 லீற்றர் இரும்புப் பரல் நிமிர்ந்து நின்றால் ஏறத்தாழ 35 அங்குலம். உடம்பில் இரண்டு வளையம் புடைத்திருக்கும். நாலு காலில் நிற்கும் கரடியின் முதுகு மேல் வளையத்துக்கு வந்தால் அது இளசு, விட்டுவிடுங்கள். முதுகு பரலின் விளிம்போடு சமமாக வந்தால், தம்பி, அன்றைக்கு உங்களுக்கு நல்ல நாள்.

கே (பிரம்டன்): எத்தனை இறாத்தல் இருந்தால் பெரிய கரடி என்று சொல்லலாம்?

ப: எடையை மறந்துவிடுங்கள். இலையுதிர் காலத்தில் ஒரு கரடி நாளுக்கு 20,000 கலோரி வரை தின்னும். குகையில் படுத்து எழும்பும்போது உடம்பில் கால் பங்கோ அதற்கு மேலோ போயிருக்கும். அதே கரடிதான், ஒக்ரோபரில் ஒரு எடை, மே மாதத்தில் வேறொரு எடை. எலும்பும் தலையும் அப்படிப் பருவத்துக்குப் பருவம் மாறாது, அதனால்தான் அவற்றைப் பார்க்கச் சொல்கிறேன்.

கே (மிசிசாகா): 300 இறாத்தல் கரடி பார்க்க எப்படி இருக்கும்?

ப: மேலே உள்ள பதில்.

கே (வினிபெக்): ஆற்றங்கரையில் ஒரு தடம் கண்டேன். முன்காலின் உள்ளங்கை ஐந்து அங்குல அகலம். எவ்வளவு பெரிய கரடி?

ப: அகலத்தோடு ஒன்றைக் கூட்டி, அதை அடியாக எடுங்கள் என்பது பழைய வேட்டைக்காரர் கணக்கு. ஐந்து அங்குலம் என்றால் ஆறடிக் கரடி. ஆறடி உயரம் என்று நினைத்துவிடாதீர்கள். தோலை இழுக்காமல் தரையில் விரித்து, மூக்கிலிருந்து வால்வரை ஒரு அளவு, ஒரு முன்கால் நுனியிலிருந்து மறு முன்கால் நுனிவரை இன்னொரு அளவு, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது அது. ஈரத்தோலை நாலு பேர் பிடித்து இழுத்தால் ஏழடியும் வரும். ஈரச்சேற்றில் தடமும் விரியும், விளிம்பை விட்டு அடிப்பகுதியை மட்டும் அளவெடுங்கள்.

கே (எட்மன்டன்): உங்கள் காதுக் கணக்கு பிழை. ஓகஸ்டில் நான் சுட்ட கரடி 500 இறாத்தல். காது பெரிதாகத்தான் இருந்தது. படம் அனுப்பியிருக்கிறேன்.

ப: பார்த்தேன். கரடி கமராவுக்கு முன்னால், நீங்கள் ஐந்தடி பின்னால் குந்தியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் ஒரு ஆட்டைப் போட்டாலும் யானை மாதிரி இருக்கும். எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?

மீண்டும் எட்மன்டன்: தராசு எதற்கு? நாலு ஆம்பிளைகளால் தூக்க முடியவில்லை.

ப: செத்த கரடி தண்ணீர் நிரப்பிய சாக்கு மாதிரி, பிடிக்க ஒரு பிடி கிடையாது. என் கதையைச் சொல்கிறேன். முதல் கரடியை இழுத்து வர மூன்று மணி நேரம் போனது. வழியெல்லாம் எல்லோருக்கும் 350 என்று சொல்லிக்கொண்டு வந்தேன். இறைச்சி வெட்டுபவர் தொங்கு தராசில் மாட்டினார். முள் 190இல் நின்றது. குடலை எடுத்ததைக் கணக்கில் சேர்த்தாலும் 240ஐத் தாண்டாது. அவர் சிரிக்கவில்லை, பாவம், பழகிப்போயிருக்கும்.

கே (தண்டர் பே): அண்ணை, ஒரு திருத்தம். வசந்தத்தில் குளிர்கால மயிர் நீளமாக இருப்பதால் காது அதற்குள் அமிழ்ந்து சின்னதாகத் தெரியும். கோடையில் மயிர் குட்டை, அதே காது பெரிதாகத் தெரியும். எட்மன்டன்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே?

ப: இருக்கிறது. இதை நான் முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஓகஸ்டில் காதை மட்டும் நம்பினால் நல்ல கரடியையும் இளசு என்று விட்டுவிடலாம். மே மாதத்தில் அதற்கு நேர்மாறு. காது, கால், நடை மூன்றும் ஒரே கதையைச் சொல்கிறதா என்று பாருங்கள். ஆனால் 500க்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

மீண்டும் எட்மன்டன்: அப்போ சாதனைப் புத்தகத்தில் போடலாமா என்றாவது சொல்லுங்கள்.

ப: வட அமெரிக்க வேட்டைச் சாதனைகளைப் பதியும் பூன் அண்ட் குரொக்கெட் புத்தகத்தில் எடைக்கு இடமே இல்லை. மண்டையோட்டை 60 நாள் காயவைத்து, நீளத்தையும் அகலத்தையும் கூட்டுவார்கள். நிரந்தரப் பட்டியலுக்கு 21 அங்குலம் வேண்டும். முதலிடத்தில் இருப்பது 23 10/16 அங்குலம், 1975இல் யூட்டாவில் கிடைத்தது. அதைச் சுட்டவர் யாரும் இல்லை, காட்டில் கிடந்ததைக் கண்டெடுத்த மண்டையோடு. உங்களுடையதை அளந்துவிட்டு எழுதுங்கள், பிழை என்னுடையது என்றால் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

கே (மார்க்கம்): கிலோவில் சொன்னால் எத்தனை இருக்க வேண்டும்?

ப: கிலோவில் கேட்டாலும் அதே பதில்தான்.

கே (சட்பரி): ஆண், பெண் எப்படிப் பிரிப்பது? குட்டியுள்ள தாயைச் சுட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ப: அந்தப் பயம் இருக்கட்டும். வசந்தத்தில் குட்டியையோ குட்டியோடு திரியும் தாயையோ சுடுவது ஒன்ராறியோவில் குற்றம். 1999இல் நிறுத்திய வசந்த வேட்டை 2014இல் சோதனையாக வந்து, 2021இல்தான் நிரந்தரமானது.

சிக்கல் என்னவென்றால் தாய் பல தடவை தனியாகத்தான் பரலுக்கு வரும். குட்டிகளை ஒரு மரத்தில் ஏற்றிவிட்டு வரும். ஒரு மாலை நடுத்தர அளவுக் கரடி ஒன்று வந்தது. மூஞ்சி ஒடுக்கம், தின்பதும் நிமிர்ந்து ஒரே திசையைப் பார்ப்பதுமாக இருந்தது. துவக்கை மடியிலேயே வைத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அது மெல்ல உறுமியது. முப்பது கெஜம் தள்ளி ஒரு மரத்தில் பட்டை பிறாண்டும் சத்தம். பூனையளவு கறுப்பு உருண்டை ஒன்று பின்பக்கமாக இறங்கியது. அதன் தலையில் மிதித்துக்கொண்டு இன்னொன்று.

ஆணுக்கு மூஞ்சி சதுரமாக, கழுத்து தலையளவுக்குத் தடித்திருக்கும். சிறுநீர் கழித்தால் சந்தேகமே இல்லை: ஆணுக்கு வயிற்றின் கீழிருந்து வரும், பெண்ணுக்குப் பின்னங்கால்களுக்கு இடையிலிருந்து. ஒன்றும் பிடிபடவில்லையா, சுடாதீர்கள்.

கே (கம்லூப்ஸ்): மண்ணிறக் கரடி என்றால் கிரிஸ்லிதானே (வட அமெரிக்கப் பழுப்புக் கரடி)?

ப: இல்லை. உங்கள் பக்கத்தில் மண்ணிறக் கருங்கரடி நிறைய உண்டு. தோளில் திமிலும் முகத்தில் குழிவும் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதுதான் கிரிஸ்லி. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிரிஸ்லி வேட்டை 2017 இறுதியில் மூடப்பட்டது, நிறத்தை நம்பிச் சுட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கே (கோத்தகிரி): எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு கரடி வருகிறது. அதன் அளவை எப்படிக் கணிப்பது?

ப: அது வேறு இனம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காக்கிறது. அளவு எதற்கு? வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கே (பெயர் போட விரும்பாதவர்): பித்தப்பையைத் தனியாக எடுத்துத் தர முடியுமா? மருந்துக்கு.

ப: முடியாது. கரடியிலிருந்து எடுத்த பித்தப்பையை வைத்திருப்பதே ஒன்ராறியோவில் குற்றம். இனிக் கேட்க வேண்டாம்.

கே (ஏஜாக்ஸ்): இறைச்சியை ஒரு மாதம் உறையவைத்தால் புழு செத்துவிடும்தானே?

ப: சாகாது. ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன். 2022இல் சஸ்காச்சுவான் கரடி இறைச்சியை 45 நாள் உறையவைத்துச் சுட்டுச் சாப்பிட்ட ஒரு அமெரிக்கக் குடும்பத்தில் ஆறு பேருக்கு டிரிக்கினோசிஸ், அந்தப் புழுவால் வரும் நோய், வந்தது. உள்ளே சரியாக வேகவில்லை. கறுப்பு இறைச்சி, கண்ணால் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. வெப்பமானியைக் குத்திப் பாருங்கள், நடுவில் 74 பாகை செல்சியஸ்.

கே (பிக்கரிங்): அண்ணை, கடைசியாக ஒன்று. சராசரிக் கரடி எத்தனை இறாத்தல் வரும்?

ப: 190. மாட்டுவதற்கு முன்னால் 350.