பனைமரத்து முனிக்குக் கோரைப்பல் எதற்கு?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர்ப் பக்கம் சொல்லப்படும் முனி, காட்டேரி, கொள்ளிவாய்ப் பிசாசுக் கதைகளை வைத்து ஒரு நாவல் எழுதி, சொந்தச் செலவில் 300 படி அச்சிட்டேன். படி ஒன்றுக்கு 130 ரூபாய் ஆனது, விலை 250. ஓராண்டில் 62 படிதான் போயிருக்கிறது, அதிலும் பாதி சொந்தக்காரர்கள் வாங்கியது. ‘தமிழ் வேம்பயர்’ என்று விளம்பரம் செய்தால் இளைஞர்கள் வாங்குவார்கள் என்கிறார் நண்பர். கிண்டில் மின்னூல் தளம், பிரதிலிபி கதைத் தளம் இரண்டிலும் போடலாமா? நாவலையும் அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகர், பள்ளிகொண்டா

பதில்: நாவலை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நண்பர் சொன்னதைச் செய்யாதீர்கள். இப்போதைய அட்டையே அந்தத் தப்பில் பாதியைச் செய்துவிட்டது. கோரைப்பல், சிவப்புக் கண், பின்னால் முழு நிலா. உள்ளே இருக்கிற கதைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ரத்தம் குடிக்கும் என்பதற்காகக் காட்டேரி வேம்பயர் ஆகிவிடாது. நம் பக்கம் காட்டேரியைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு படையல் போடுகிறார்கள். முனியும் அப்படித்தான். அகால வேளையில் எதிரே போனால் அடிப்பார். கிடா வெட்டிப் படைத்தால் ஊரையே காப்பார். பயந்துகொண்டே கும்பிடுகிற இந்த உறவை வேம்பயர் என்ற சொல் அடித்துத் தள்ளிவிடும். கும்பிடுகிறவர் மனமும் நோகும். அவர்தான் உங்கள் முதல் வாசகர் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த உறவை உங்கள் நாவல் நன்றாகவே பிடித்திருக்கிறது. 47ஆம் பக்கம். பொழுது சாய்ந்த பிறகு அக்கா வீட்டிலிருந்து கறிக்குழம்புத் தூக்கோடு கிளம்புகிற பையனைக் கிழவி நிறுத்துகிறாள். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, சாம்பலை ஊதி, தூக்கு மூடியின் மேல் வைத்துத் துணியால் கட்டுகிறாள். ‘பனமரத்தாண்ட போம்போது திரும்பிப் பாக்காத’ என்கிறாள். அவ்வளவுதான். முனி வரவே இல்லை. எனக்கு முதுகு சில்லிட்டது. என் அம்மாவும் இதையே செய்வார். கரி கிடைக்காத நாளில் பையில் ஓர் ஆணியைப் போட்டு அனுப்புவார். காட்பாடியிலிருந்து திருவலம் போகிற சாலையில், நடக்க நடக்க அந்த ஆணி தூக்கில் இடிக்கிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

உங்களுக்கு விளம்பரம் என்றால் இந்தப் பக்கம்தான். பின்னட்டையில் இதை அப்படியே போட்டிருக்க வேண்டும். நீங்கள் போட்டிருப்பது ‘திகில், மர்மம், அமானுஷ்யம் கலந்த விறுவிறுப்பான நாவல்’. இந்த வரியை எந்தப் புத்தகத்தின் பின்னாலும் ஒட்டலாம்.

நம் பக்கத்துத் தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். வேடக்காரர் நேரே வந்து நின்றுவிடுவதில்லை. இரண்டு பேர் திரையைப் பிடிக்க, அதன் பின்னால் நின்று பாடுகிறார். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நீர் யார், எவர் என்று கேட்டு வாயைக் கிளறுவான். திரை விலகுவதற்குள், பாயில் சுருண்டு கிடந்த பிள்ளைகூட எழுந்து உட்கார்ந்துவிடும். துரியோதனனைத் தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை, ஆனாலும் காத்திருக்கிறார்கள். உங்கள் முனியும் எல்லாருக்கும் தெரிந்தவர்தான். அவரை அட்டையிலேயே முழு உருவமாக நிறுத்திவிட்டால் எதற்காகப் பக்கத்தைப் புரட்டுவார்கள்?

இன்னொன்றைக் கொஞ்சம் வருத்தத்தோடு சொல்கிறேன். ஊர்ப் பெயரை ஏன் ‘இருளூர்’ என்று மாற்றினீர்கள்? பேய்க்கு வீரியமே இடத்தில்தான் இருக்கிறது. இன்ன ஏரிக்கரை, இன்ன மதகு, மூன்றாவது பனை என்று சொன்னால்தான் கேட்கிறவன் நிமிர்ந்து உட்காருவான். ஜவ்வாது மலையில், பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிவைத்த பெருங்கற்கால ஈமச்சின்னங்களைக் குள்ளர் குகை என்று சொல்கிறார்கள். குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடு என்று கதை. அந்தக் கதையை இடம்தான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது. அடுத்த அச்சில் ஏரிக்கும் சாலைக்கும் உண்மைப் பெயரைத் திருப்பிக் கொடுங்கள். யார் வீட்டுச் சாவையாவது கதையில் எடுத்திருந்தால் அந்தக் குடும்பத்தின் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள்.

சரி, விற்பனைக்கு வருவோம். கடைக்காரர்கள் பொதுவாக 35, 40 விழுக்காடு கழிவு கேட்பார்கள். 250 ரூபாயில் 100 போனால் 150. அச்சுச் செலவு போக உங்கள் கையில் நிற்பது 20 ரூபாய். அதுவும் படி விற்று, கணக்கு முடிந்து வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். புத்தகத் திருவிழாவில் வழக்கமான 10 விழுக்காடு தள்ளுபடி கொடுத்து நேரில் விற்றால் 225 ரூபாய் வரும். ஆகவே மீதி 238 படிகளையும் சென்னைக்கு அனுப்பாமல், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காட்டு எல்லைக்குள்ளேயே விற்கப் பாருங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழா, கிளை நூலகத்து வாசகர் வட்டம், கல்லூரித் தமிழ்த்துறை எதுவானாலும் போங்கள். மைக்கைக் கொடுத்தால் நாவல் எழுதிய கதையைச் சொல்லாதீர்கள். 47ஆம் பக்கத்தைப் படியுங்கள். படித்து முடித்து, ‘உங்கள் ஊரில் எந்த மரம்?’ என்று கேளுங்கள். கூட்டத்தில் நான்கு பேராவது ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவர்கள் வாங்குவார்கள், உங்கள் அடுத்த நாவலுக்கும் அங்கேயே விதை கிடைத்துவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் கடை போட வேண்டாம். சிவராத்திரி முடிந்து பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை நடக்கும்போது, வேண்டுதலுக்காகக் காளி வேடம் போட்டு வருகிறவர்கள் நடுவே புத்தகக் கட்டோடு நிற்காதீர்கள். வெறுங்கையோடு போய்ப் பாருங்கள்.

கிண்டிலில் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக்கூடாது. அதே நாவலைப் பிரதிலிபியில் தொடராகப் போட்டால் விதியை மீறியதாகிவிடும். அச்சுப் புத்தகம் விற்க எந்தத் தடையும் இல்லை. எனவே நாவல் கிண்டிலில் இருக்கட்டும். அதே ஊரை வைத்துப் புதிதாகச் சிறுகதைகள் எழுதிப் பிரதிலிபிக்குக் கொடுங்கள். அந்த 90 நாளில் 5 நாள்வரை மின்னூலை இலவசமாகத் தரலாம், ஆடி அமாவாசையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். தேடுசொல்லுக்கு 7 இடம் தருவார்கள். ‘அமானுஷ்யப் புனைவு’ என்று யார் தேடப்போகிறார்கள்? முனி, காட்டேரி, கொள்ளிவாய்ப் பிசாசு, வேலூர், பாலாறு என்று போடுங்கள்.

கையில் இருக்கும் 238 படிகளைக் கிழித்து அட்டை மாற்ற வேண்டியதில்லை. மேலே போர்த்துகிற மாதிரி ஒரு தாள் மேலுறை அச்சிட்டால் போதும், செலவும் குறைவு. முன்பக்கம் ஒற்றைப் பனைமரம், கீழே மூடிய தூக்கு. பின்பக்கம் அந்தக் கிழவி. மேலுறை தயாரானதும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள், பணம் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.