நாடு நாடாகப் போய் அணிகளைத் தூக்கிவிட்ட நெதர்லாந்துக் கால்பந்துப் பயிற்சியாளர் யார்?

கூஸ் ஹிட்டிங்க்தான். டி கிராஃப்ஸ்காப் கிளப்பில் ஆடியவர். ஆட்டக்காரராகப் பெரிய நட்சத்திரம் இல்லை. பயிற்சியாளராக 1988-இல் நெதர்லாந்தின் பிஎஸ்வி அணிக்கு, கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தார். வேடிக்கை என்னவென்றால், காலிறுதி தொடங்கி ஐந்து ஆட்டமும் டிரா! இறுதியில் போர்ச்சுகல் கிளப்பான பென்ஃபிகாவைப் பெனால்டியில்தான் வென்றார்கள்.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது தென் கொரியாவில். அங்கே இளையவர் மூத்தவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும். மைதானத்தில் அந்த மரியாதையெல்லாம் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். அதுவரை உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணி, 2002-இல் இத்தாலி, ஸ்பெயினை வெளியேற்றி அரையிறுதிக்குப் போனது. கொரியா அவருக்குக் கௌரவக் குடியுரிமையே கொடுத்தது.

அப்புறம் ஆஸ்திரேலியா, ரஷ்யா, இங்கிலாந்து கிளப்பான செல்சி, துருக்கி. ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ 2008 போட்டியில் அவருடைய ரஷ்யா 3-1 என வீட்டுக்கு அனுப்பியது யாரை? சொந்த நாடான நெதர்லாந்தையே!